பால் போலக் கலக்கும் மருந்து கெட்டதா, கெடாததா?

காவிரிக்கரையான்:
தேதி முடிந்த பூச்சிமருந்தைக் கையால் தொடவே கூடாது என்று பயிர்க்காவலன் நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 2021-இல் வாங்கிய குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. (தண்ணீரில் ஊற்றிக் கலக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள பூச்சிமருந்து) அரை லிட்டர் என் கொட்டகையில் கிடந்தது. தேதி முடிந்து வெகுநாள் ஆகியும், போன சம்பாவில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அதைத்தான் அடித்தேன். வாளித் தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுத்துக் கலந்தது. பால் போலக் கலந்தால் மருந்து கெடவில்லை என்பது நாற்பது வருடமாக நான் வயலில் கண்ட கணக்கு.

பயிர்க்காவலன்:
ஐயா, வெளுப்பது மருந்தின் வேலை அல்ல. எண்ணெய்த் தன்மையுள்ள கரைசலைத் தண்ணீரோடு சேர்த்து வைக்கும் பால்மமாக்கியின் வேலை. உள்ளே மருந்து பாதியாகக் குறைந்திருந்தாலும் வாளி வெளுக்கும். எண்ணெய் பிரிந்து மிதந்தால் கெட்டது என்று சொல்லலாம், பிரியாவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது. கொட்டகை வெக்கையில் கிடக்கும் இவ்வகை மருந்துகள் வீரியம் குறைவதோடு நிற்பதும் இல்லை. 1976-இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக, இதே வகையைச் சேர்ந்த மாலத்தியான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தவர்களில் சுமார் 2,800 பேருக்கு நஞ்சேறி, 5 பேர் இறந்தார்கள். அந்த மாலத்தியானில் கலந்திருந்த ஐசோமாலத்தியான் என்ற பொருள்தான் நஞ்சைக் கூட்டியது. இருப்பில் வெப்பம் பட்டால் உண்டாகும் பொருள் அது.

காவிரிக்கரையான்:
அந்த மாலத்தியான் தண்ணீரில் கரைக்கும் தூள். பால் போலக் கலக்கும் ஈ.சி. மருந்தைப் பற்றிப் பேசினால் நீங்கள் பாகிஸ்தானுக்குப் போகிறீர்கள். என் வயலில் புழு செத்தது.

கரிசல்காட்டான்:
புழு செத்தது மருந்தாலா, அடுத்து பெய்த மழையாலா என்று எப்படிப் பிரித்தீர்கள்? எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. தேதி முடிந்த பாட்டிலின் அடியில் தயிர்க்கட்டி போலப் படிந்திருந்ததை வேப்பங்குச்சியால் கலக்கிப் பருத்திக்கு அடித்தேன். நான்காம் நாள் இலை விளிம்பெல்லாம் கருகி, காகிதம் போலச் சுருண்டு நின்றது.

காவிரிக்கரையான்:
கட்டி விழுந்தது என்றால் பால் போலக் கலக்கவில்லை என்றுதான் பொருள். நான் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

உரக்கடை:
தேதி முடிந்த மருந்தை விற்றால் எங்கள் உரிமமே போய்விடும். அதையே விவசாயி கொட்டகையிலிருந்து எடுத்து அடித்தால் மட்டும் நல்ல மருந்தாகிவிடுமா?

காவிரிக்கரையான்:
புதுப் பாட்டில் விற்க வேண்டியவர் வேறு எப்படிப் பேசுவார்? ஒரு பருவத்துக்குக் கால் லிட்டர் போதும் என்றால் ஒரு லிட்டரைக் கட்டாயமாகக் கையில் திணித்தது உங்களைப் போன்ற ஒரு கடைதான். கொட்டகையில் மிச்சம் சேர்ந்ததற்கு யார் பொறுப்பு?

பயிர்க்காவலன்:
பழைய கோபத்தை இங்கே கொண்டு வராதீர்கள். காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. ஆனாலும் கத்தரிக்கு அதை அடித்ததாகப் போன வருடம் எழுதியவர் நீங்கள். மிச்ச மருந்தும் காலி டப்பாவும் வீட்டில் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்டு இறந்த 23 குழந்தைகளே சாட்சி. அந்த உணவைச் சமைத்த எண்ணெயில் இருந்ததும் மோனோகுரோட்டோபாஸ்தான்.

காவிரிக்கரையான்:
குழந்தைகளைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். என் மருந்து பூட்டிய அலமாரியில் இருக்கிறது. கேள்வி ஒன்றுதான்: பால் போலக் கலந்த மருந்து கெட்டதா? இதுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பயிர்க்காவலன்:
முதல் பதிலிலேயே சொன்னேன். கண்ணால் பார்த்து அறிய முடியாது. ஆய்வகத்தில் அளந்தால்தான் தெரியும். மருந்து தெளிக்கும் டேங்கை முதுகில் சுமக்கும் கூலியாளிடம் இது தேதி முடிந்த மருந்து என்று சொன்னீர்களா?

காவிரிக்கரையான்:
கூலியாள் யாரும் இல்லை, நானே சுமக்கிறேன். அறுபத்து மூன்று வயதில் 16 லிட்டர் டேங்கோடு வரப்பில் நடப்பவனுக்கு ஆய்வகத்துக்காரர் பாடம் எடுக்க வேண்டாம். கால் லிட்டர் இன்னும் இருக்கிறது. நாளைக் காலையில் வாளியில் ஊற்றிப் படம் போடுகிறேன், எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று எல்லோரும் பாருங்கள்.