உப்புவெளியில் சின்னச் சாப்பாட்டுக்கடை: பூஸ்டுக்குக் காசு போகுது, ஆக்கள் வரேல்ல

அலஸ்தோட்டத்து அடுப்பு கேட்டது:

திருகோணமலை நிலாவெளி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைக்குள் கடை. ஆறு மேசை. மதியம் சோறு கறி, பின்னேரம் கொத்து, முதலே சொன்னால் நண்டுக்கறியும் கணவாய்ப் பிரட்டலும். போன மாதம் பேஸ்புக்கில் 12,000 ரூபாய்க்கு பூஸ்ட் (காசு கட்டிப் பதிவைக் கனபேருக்குக் காட்டுவது) போட்டோம். 640 லைக் வந்தது, கேட்டு வந்த போன் இரண்டே இரண்டு. கூகுள் மேப்பில் கடை ஏற்கெனவே இருக்கிறது, யார் போட்டதென்று தெரியாது. இடத்தைக் காட்டும் குறி (பின்) மெயின் றோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, நம்பரும் பழையது. சீசன் தொடங்க நாலு கிழமைதான் இருக்கு. வெப்சைட் ஒன்று செய்வதா, இல்லை பூஸ்டைக் கூட்டுவதா? முதலில் எதில் கை வைக்கலாம்?

பாலையூற்றான்:

இரண்டும் வேண்டாம். முதலில் மேப். உப்புவெளியில் அறை எடுத்து நிற்கிறவர் பசிக்கும்போது பேஸ்புக்கில் தேடுவதில்லை. மேப்பைத் திறந்து, பக்கத்தில் எது திறந்திருக்கு, எத்தனை நட்சத்திரம், சாப்பாட்டுப் படம் எப்படி என்றுதான் பார்ப்பார். அங்கே பின் பிழையென்றால் ஆள் றோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வேறு கடைக்குள் போய்விடுவார்.

புதிதாக இன்னொன்று போடாதீர்கள். இரண்டு இருந்தால் மதிப்புரைகள் இரண்டாகப் பிரியும். இருப்பதைத் திறந்து, உரிமை கோரும் இணைப்பை அழுத்துங்கள். இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான் சரிபார்க்கிறார்கள். வெட்டாமல் ஒரே ஓட்டமாக, 30 செக்கனுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். ஒழுங்கை முகப்பிலுள்ள வீதிப் பெயரில் தொடங்கி, நடந்து வந்து, கடைப் பலகையைக் காட்டி, திறப்பால் கதவைத் திறந்து, குசினிக்குள் போய், வியாபாரப் பதிவுப் பத்திரத்தில் முடியுங்கள். யாருடைய முகமும் வேண்டாம். பலகையில் ஒரு பெயர், மேப்பில் இன்னொரு பெயர் என்றிருந்தால் இந்த இடத்தில்தான் சிக்கும். பெயரோடு ‘சிறந்த கடலுணவு உப்புவெளி’ என்று வால் கட்டினாலும் கணக்கை இடைநிறுத்தக்கூடும்.

முதன்மை வகையாக வெறும் ‘உணவகம்’ என்று போட்டால் ஊரிலுள்ள எல்லாக் கடையோடும் சேர்ந்து நிற்பீர்கள். ‘இலங்கை உணவகம்’ அல்லது ‘கடலுணவு உணவகம்’ போடுங்கள். துணை வகை 9 வரை போடலாம், மூன்று போதும். பின்னை செய்மதிப் படத்தில் பெருப்பித்து உங்கள் படலை வரை இழுத்து விடுங்கள். விவரத்துக்கு 750 எழுத்து இடமுண்டு. அதில் உப்புவெளி, அலஸ்தோட்டம் இரண்டு பெயரும் வரட்டும். வெளியாருக்கு முதலாவதுதான் தெரியும், ஓட்டோக்காரருக்கு இரண்டாவதைச் சொன்னால்தான் விளங்கும்.

போயா, பொங்கல், கடை பூட்டுகிற நாள் எல்லாவற்றுக்கும் ‘சிறப்பு நேரம்’ போடுங்கள். திறந்திருக்கு என்று நம்பி வெயிலில் நடந்து வந்தவர் பூட்டைக் கண்டால் ஒற்றை நட்சத்திரம் நிச்சயம். மாரிக்குப் பூட்டினால் ‘தற்காலிகமாக மூடப்பட்டது’. தவறியும் ‘நிரந்தரமாக’ என்பதை அழுத்த வேண்டாம்.

கொட்டியாரக்குடா:

மேப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனா பூஸ்டை அப்படியே தள்ளிவிட ஏலாது. பிழை போட்ட விதத்தில. பதிவுக்குக் கீழ இருக்கிற பட்டனை அழுத்தினா, லைக் போடுற பழக்கமுள்ள ஆக்களைத் தேடித்தான் காட்டும். அவர் குருநாகலில இருந்தாலும் லைக் லைக்தான், சோறு தின்ன வரமாட்டார்.

பேஸ்புக்கின்ர ‘விளம்பர மேலாளர்’ (Ads Manager) எண்ட பக்கத்துக்குள்ளால போங்கோ. நோக்கம் ‘ஈடுபாடு’ (Engagement), போய்ச் சேர்ற இடம் செய்திச் செயலி, அதில வாட்ஸ்அப். இடத்துக்கு ‘திருகோணமலை’ எண்டு எழுதாதேங்கோ, கடையில பின் குத்தி 4 கிலோமீற்றர் வட்டம் போடுங்கோ. அவ்வளவு சின்ன வட்டத்துக்கு விருப்பம், வயசு எண்டு மேலும் வடிகட்டத் தேவையில்ல, வடிகட்டினா ஆளே மிஞ்சாது. மதியச் சாப்பாட்டு விளம்பரம் காலமை 9 முதல் 12 வரை மட்டும் ஓடட்டும். நாளாந்த பட்ஜெட் போட்டா இந்த நேர அட்டவணை வராது, மொத்த பட்ஜெட் எண்டு மாத்தினாத்தான் திறக்கும். கனபேர் இதில தடக்கி, வசதியே இல்லையெண்டு விட்டுடுவினம். ஒரே ஆளுக்குக் கிழமைக்கு நாலைஞ்சு தரத்துக்கு மேல காட்டுதெண்டா படத்தை மாத்துங்கோ.

ஒரே படத்தில மூண்டு மொழியையும் திணிக்காதேங்கோ. சிங்களத்துக்குத் தனி விளம்பரம், ஆங்கிலத்துக்குத் தனி. சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஒராளிட்டக் காட்டிட்டுப் போடுங்கோ. இயந்திர மொழிபெயர்ப்பு கணவாயை என்னவா மாத்தும் எண்டு சொல்லேலாது.

வாட்ஸ்அப் பிசினஸ் இணைப்பில நம்பர் 94 எண்டு தொடங்கோணும். முன்னால கூட்டல் குறியோ பூச்சியமோ போடாதேங்கோ. வேற போனில அழுத்திப் பாத்திட்டுத்தான் காசு கட்டுங்கோ. வரவேற்புச் செய்தியில வெறும் ‘நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்’ ஒண்டுக்கும் உதவாது. இப்பிடிப் போடுங்கோ:

‘வணக்கம். மதியச் சாப்பாடு 12 முதல் 2.30 வரை. நண்டுக்கறி வேணுமெண்டா அண்டைக்குக் காலமை 9 மணிக்கு முன் சொல்லுங்கோ. எத்தனை பேர், எத்தனை மணிக்கு?’

கேள்வியில முடிஞ்சா ஆள் பதில் போடும்.

நெத்தலி:

வெப்சைட் இந்த சீசனுக்குத் தேவையே இல்லை. விலையோடு சாப்பாட்டுப் பட்டியலைப் படமெடுத்து மேப்பிலும் வாட்ஸ்அப் கட்டலொக்கிலும் போட்டால் போதும். விலை இல்லாத பட்டியலைப் பார்த்தால், சுற்றுலா வந்தவரிடம் கூடுதலாக வாங்கப் பார்க்கிறார்கள் என்றுதான் சனம் நினைக்கும்.

மதிப்புரைக்கு கியூஆர் ஒட்டியை மேசையில் ஒட்டாமல் பில்லோடு கொடுங்கள். வயிறு நிறைந்த பிறகுதான் மனம் வரும். ‘ஐந்து நட்சத்திரம் தந்தால் பிளேன்ரீ இலவசம்’ என்று எழுதாதீர்கள், பரிசு கொடுத்து மதிப்புரை கேட்பது கூகுள் விதிக்கு முரண். சொந்தக்காரர் பத்துப் பேர் ஒரே நாளில் எழுதினாலும் கூகுள் நீக்கிவிடக்கூடும்.

இன்னொன்று, வாட்ஸ்அப் பிரோட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புவது) உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போகும், ஒரு பட்டியலில் 256 பேர். விருந்தினர் யாரும் சேமிப்பதில்லை. பக்கத்து அறைக்காரர், ஓட்டோக்காரர் இவர்களைச் சேமிக்கச் செய்து, காலை 10.30க்கு அன்றைய கறிகளின் படத்தை அனுப்புங்கள். ‘எங்க சாப்பிடலாம்’ என்று அவர்களிடம்தான் கேட்கிறார்கள்.

அலஸ்தோட்டத்து அடுப்பு:

உரிமை கோரப் போனால், வேறு யாருடையதோ மின்னஞ்சலின் முதல் இரண்டு எழுத்தைக் காட்டி, ஏற்கெனவே ஒருவர் நிர்வகிக்கிறார் என்கிறது. கடையில் யாருடைய மின்னஞ்சலும் அதுவல்ல.

பாலையூற்றான்:

அதே பக்கத்தில் அணுகல் கோரும் பட்டன் இருக்கும், அழுத்துங்கள். அந்த ஆளுக்கு 3 முதல் 7 நாள் வரை அவகாசம். பதில் வராவிட்டால், உங்களுக்கு வந்த உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைத் திறந்து அதிலுள்ள இணைப்பால் போங்கள், பெரும்பாலும் நீங்களே சரிபார்க்க வழி திறக்கும். மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. ‘திருத்தம் பரிந்துரை’ எல்லோருக்கும் திறந்ததுதான். பின்னையும் நம்பரையும் இன்றைக்கே அதில் மாற்றி அனுப்புங்கள், பலகையில் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு படமும் சேர்த்து.