கஸ்டம்ஸில் பிராண்ட் பிரச்சினையால் சரக்கு நின்ற அனுபவம் உண்டா?

சென்னையில் சி.எச்.ஏ. (இறக்குமதியாளருக்காகக் கஸ்டம்ஸ் வேலைகளைச் செய்து தரும் முகவர்) அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சிறிய இறக்குமதியாளர்கள் விதி தெரியாமலே நஷ்டப்படுவதைப் பார்த்துப் பார்த்து மனது கேட்காமல் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

ரிச்சி தெரு வியாபாரி ஒருவருக்குச் சீனாவிலிருந்து சார்ஜர், இயர்போன், கேபிள் எல்லாம் கலந்து ஒரு கண்டெய்னர் வந்தது. பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் தரும் இறக்குமதிப் படிவம்) போட்டாயிற்று. சி.எஃப்.எஸ்.ஸில் (கண்டெய்னர்களை வைத்துச் சோதிக்கும் கிடங்கு) பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஒரே ஒரு சார்ஜர் மாடலில் பெரிய பிராண்டின் டிரேட்மார்க் இருந்தது. மொத்தக் கண்டெய்னரும் நின்றது. அவர் பயந்துபோய், "சப்ளையருக்கே திருப்பி அனுப்பிடலாம் சார்" என்றார். அது முடியாது. போலி என்று முடிவானால் அந்தச் சரக்கை அப்படியே மறு ஏற்றுமதி செய்ய, இறக்குமதிச் சரக்கில் அறிவுசார் சொத்துரிமையைக் காக்கும் 2007-ஆம் ஆண்டு விதிகள் அனுமதிப்பதில்லை. பெரும்பாலும் அழிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே விதிகளில் இறக்குமதியாளருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. நிறுத்தியதற்கான காரணத்தை உடனே தெரிவிக்க வேண்டும். வாய்ச்சொல்லோடு விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் எல்லாக் கெடுவும் சரக்கை நிறுத்திய தேதியிலிருந்துதான் ஓடும். பிராண்டின் உரிமையாளர் 10 வேலை நாட்களுக்குள் கஸ்டம்ஸ் நடவடிக்கையில் சேர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 10 வேலை நாட்கள் கிடைக்கும். புகாரே இல்லாமல் கஸ்டம்ஸ் தானாக நிறுத்தியிருந்தால், உரிமையாளர் 5 நாட்களுக்குள் முறைப்படி நோட்டீஸ் தர வேண்டும். வராவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருக்கும்பட்சத்தில் சரக்கை விட்டாக வேண்டும்.

இவர் விஷயத்தில் பிராண்ட் தரப்பு வந்தது, மாதிரியைப் பார்த்தது, போலி என்றது. அந்த மாடல் போனது போனதுதான். பிரச்சினையில்லாத மற்ற பெட்டிகளைப் பிரித்து விடும்படி நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அவை வெளியே வந்தன. அதை முதல் நாளே எழுதியிருந்தால் டெமரேஜ் (சரக்கு தேங்கி நிற்பதற்கான கட்டணம்) இவ்வளவு ஏறியிருக்காது.

பதில் 1: நான் செல்போன் மொத்த வியாபாரம். 2009-இல் இரட்டை சிம் போன்கள் நின்றது ஞாபகம் இருக்கிறதா? மதுரைக்காரர் ஒருவரின் காப்புரிமைக்காக (பேட்டன்ட்) நிறுத்தினார்கள். லோகோ போலியா என்றால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு போனின் உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் காப்புரிமையை மீறுகிறதா என்பதைத் துறைமுகத்தில் வைத்து எப்படி முடிவு செய்வது? 2012-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையையே ரத்து செய்தது. அதற்குள் எங்களைப் போன்றவர்களின் பணம் முடங்கிப் போயிருந்தது. 2018 திருத்தத்தில் காப்புரிமையை இந்த விதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு, ஆனால் ரொம்பத் தாமதம்.

பதில் 2: மறுபக்கத்தையும் சொல்கிறேன். வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். போலி பேரிங் போட்ட வண்டி நடுரோட்டில் நின்று, வாடிக்கையாளர் என்னிடம் வந்து சண்டை போட்டிருக்கிறார். அந்த மாதிரிச் சரக்கு துறைமுகத்திலேயே நிற்பதுதான் நல்லது. நம் ஊரில் சொந்த பிராண்ட் வைத்திருப்பவர்களும் டிரேட்மார்க்கைக் கஸ்டம்ஸ் இணையதளத்தில் பதிவு செய்து வைக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 2,000 ரூபாய்தான். ஆனால் சரக்கு பிடிபட்டால் பத்திரமும் பிணைத்தொகையும் கட்ட வேண்டும், அழிக்கும் செலவும் உங்களுடையது. அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் பதியுங்கள்.