‘கட்ஓவர்’: சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருகோணமலையிலிருந்து:
குழுவில் எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் வங்கிகளுக்கு ஆலோசகராக இருக்கும் நம் தம்பி, சனிக்கிழமை இங்கே பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகளுக்கு சூமில் வகுப்பு எடுக்கிறார். வங்கிகளில் தொழில்நுட்ப மாற்றத் திட்டங்களை நடத்துவது பற்றி. கையேட்டைத் தமிழாக்குவது என் தலையில். ‘மாற்ற முகாமைத்துவம்’ வரை வந்துவிட்டேன், ‘கட்ஓவர்’ இடிக்கிறது. வெள்ளி இரவு பழைய முறைமையை மூடி, கணக்கு மீதிகளைச் சரிபார்த்து, திங்கள் காலை புதியதில் கிளையைத் திறக்கிறார்களே, அது. ‘கைமாற்று’ என்று எழுதினேன். வீட்டில் இவர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்: “அது வட்டியில்லாமல் வாங்குற கடனெல்லோ!”

சென்னையிலிருந்து:
கட்ஓவர் இருக்கட்டும் அம்மா, ‘முகாமைத்துவம்’ என்ன சொல்? ‘மேலாண்மை’ இருக்க, வடமொழி வாலை எதற்கு ஒட்டுகிறீர்கள்? முகாமை என்பதே முகத்திலிருந்து வந்ததா, முகாமிலிருந்து வந்ததா என்று…

திருகோணமலையிலிருந்து:
ஐயா, பிள்ளைகளின் பரீட்சைத் தாளில் அதுதான் வரும். முகாம் ஆராய்ச்சியை எங்கள் ஊரில் தொடங்காதீர்கள்.

தம்பலகாமத்திலிருந்து:
‘மடைமாற்றம்’ போடுங்கள் ரீச்சர். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவன் சொல்கிறேன். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை முறை சொன்னதும் ஒரு வாய்க்கால் வாயை மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்துவிட்டு மற்றதை வெட்டிவிடுவோம். தண்ணீர் அதே தண்ணீர், பாதைதான் வேறு.

லண்டனிலிருந்து:
மாஸ்டர், அருமை. 2018 ஏப்ரலில் இங்கே டிஎஸ்பி வங்கிக்கு நடந்ததும் இதுதான். தரவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, புதிய தளம்தான் தாங்கவில்லை. தண்ணீர் வந்தது, வாய்க்கால் உடைந்தது. 19 இலட்சம் வாடிக்கையாளர்களால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. 2022 டிசம்பரில் விதித்த அபராதம் 4 கோடி 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண். ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டதுதான் வினை.

சென்னையிலிருந்து:
மடை நல்ல வேர்ச்சொல். மடைப்பள்ளியிலும் ஒரு மடை உண்டு, அங்கே அது உணவு. உங்கள் பக்கத்து அம்மன் கோயில்களிலும் படையலாக மடை வைப்பார்கள். ஆனால் ஒரு சங்கடம். இங்கே செய்தித்தாளில் ‘நிதி மடைமாற்றம்’ என்றால் ஒரு வேலைக்கு ஒதுக்கிய பணத்தை வேறு வேலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று பொருள். வங்கிக் கையேட்டில் அந்தச் சொல்லா?

தம்பலகாமத்திலிருந்து:
உங்கள் ஊர்க் களவுக்கு எங்கள் வாய்க்கால் என்ன செய்யும்? எங்களுக்கும் பயம் உண்டு. 1986 ஏப்ரல் 20 விடியற்புறம் குளக்கட்டு உடைந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதற்காக மடை என்ற சொல்லைக் கைவிட்டோமா?

கொழும்பிலிருந்து:
‘குடிபுகல்’? பால் காய்ச்சிப் புது வீட்டுக்குப் போவதுபோல. பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

தம்பலகாமத்திலிருந்து:
பால் காய்ச்சிவிட்டு இரவு பழைய வீட்டில் போய்ப் படுக்கலாம். வங்கியில் அது நடக்குமா?

லண்டனிலிருந்து:
நடக்கும் மாஸ்டர், ஒரு நேரம் வரைக்கும். ஞாயிறு மதியம் என்று குறித்து வைத்திருப்போம். அதற்குள் சரிவராவிட்டால் பழையதுக்கே திரும்பிவிடுவோம். அது தாண்டினால் பின்னுக்குப் போக முடியாது. இதற்காகவே இரண்டு மூன்று ஒத்திகை பார்ப்பதுண்டு.

திருகோணமலையிலிருந்து:
வியாழன் இரவு பத்து மணி. அச்சகக்காரர் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார். ‘குடிபுகல்’ என்று கொடுத்துவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. மாஸ்டர் கோவிக்கக் கூடாது.

தம்பலகாமத்திலிருந்து:
கோபமில்லை, உடன்பாடும் இல்லை. பழையதுக்குத் திரும்புவதற்கு என்ன போட்டீர்கள் ரீச்சர்? ‘மீள்குடியேற்றம்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.