ஃபயர்பாலைக் குறைக்கலாமா?

கேள்வி: காரைக்குடி குழு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) 5ஆம் பதிப்பு, லெவல் 5. மந்திரவாதியின் ஃபயர்பால் (தீக்கோள மந்திரம்) சேதம் 8 பகடை. ஒரே வீச்சில் சண்டை முடியுது, வாள்வீரருக்கு வேலையே இல்லை. 6 பகடையாக்கவா அண்ணே?

பதில் 1: வேண்டாம் தம்பி. கோளாறு ஓய்வுக் கணக்கில். லெவல் 5-இல் ஃபயர்பால் மாதிரி மூன்றாம் நிலை மந்திரம் நாளுக்கு 2 தடவை, நாளுக்கு ஒருமுறை மட்டும் குறு ஓய்வில் ஒண்ணு மீளும்; அவ்வளவுதான். தினம் ஒரே சண்டைன்னா அத்தனையும் அங்கேயே கொட்டுவார். 2014 ஆட்ட நடத்துநர் கையேட்டுக் கணக்கே நாளுக்கு 6 முதல் 8 சண்டை. நாலு சண்டையாவது வைங்க, நடுவே ஒரு மணி நேரக் குறு ஓய்வு ரெண்டு. வீரரின் ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரே முறையில் கூடுதல் செயல் தரும் திறன்) ஒவ்வொரு ஓய்விலும் திரும்பும்.

பதில் 2: வரைபடமும் முக்கியம். எதிரிகளைச் செட்டிநாட்டு வீடு மாதிரி முகப்பு, வளவு, இரண்டாம் கட்டுன்னு பிரிங்க. நிலைவாசலில் வீரர் மல்லுக்கட்டினா, ஃபயர்பாலின் 20 அடி ஆரத்துக்குள் அவரும் வேகுவார்; மந்திரவாதி வீசத் தயங்குவார். மந்திரவாதி எவோக்கர் வகைன்னா இது பலிக்காது; 2014 விதிப்படி அவர் கூட்டாளிக்குச் சேதமில்லாம வீசுவார்.

கேள்வி கேட்டவர்: எவோக்கர்தான்! அப்போ ஓய்வுக் கணக்கைத்தான் சரிபண்ணணும்.