சேர்த்தால் மிச்சம் என்கிறார்களே, யாருக்கு மிச்சம்?

பாம்பன் காற்று:
பல துறைகளின் சம்பளம், கொள்முதல், கணக்கு வேலையை ஒரே மையத்தில் சேர்த்தால் செலவு குறையும் என்கிறார்கள். பிரிட்டனில் அப்படி அமைத்தவற்றில் 5 மையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-11 முடிவதற்குள் 15.9 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள். 2012-இல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் பார்த்தால், பலனைக் கணக்கு வைத்திருந்த மையங்களிலேயே நிகரமாக 25.5 கோடி பவுண்டு கையைக் கடித்திருந்தது.

சார்நிலைக் கருவூலம் (ஓய்வு):
தம்பி, அதே அறிக்கை காரணமும் சொல்கிறதே. ஒவ்வொரு துறையும் தன் வழக்கத்தை விடாமல் மென்பொருளைத் தனக்கேற்ப மாற்றச் சொன்னது. பேருக்குத்தான் சேர்ந்தார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் மாதக் கடைசியில் சம்பளப் பில் கட்டுக்கட்டாக வரும். ஒரு கையெழுத்து விட்டுப்போனால் திருவாடானைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டு வரவேண்டும். இன்று ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்ற தமிழக அரசின் சம்பள, கணக்கு மென்பொருளில் அந்த நடை இல்லை. அது பலன் இல்லையா?

பாம்பன் காற்று:
உங்கள் நடை மிச்சம்தான் அண்ணே. எங்கள் தெருவில் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர், மகளுக்கு வருமானச் சான்றிதழ் வாங்க இ-சேவை மையம் போனார். ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. ஆதாரில் நம்பரை மாற்றப் போனால் விரல் வைக்கச் சொன்னார்கள். பாறையில் உரசி உரசி, துணி சுற்றியும் தேய்ந்த விரல். ரேகை விழவே இல்லை. மூன்று நடை. அவர்கள் பாசிக்குப் போவது மாதம் 12 நாள். அதில் மூன்று போச்சு. எந்த மிச்சக் கணக்கில் இது ஏறும்?

தொண்டி வாசி:
இருவரும் ரெண்டு விஷயத்தைக் குழப்புகிறீர்கள். பிரிட்டன் கதை அலுவலகத்தின் உள்வேலை. இ-சேவை மக்கள் வந்து நிற்கும் கவுன்டர். ஆனால் கோளாறு ஒன்றுதான்: சேர்க்கும் முன்னால் ஒரு பில்லுக்கு எவ்வளவு செலவு, ஒரு சான்றிதழுக்கு எத்தனை நடை என்று யாராவது எழுதி வைத்தார்களா? முதல் நாள் அளவு இல்லாமல் குறைந்தது என்றும் சொல்ல முடியாது, கூடியது என்றும் சொல்ல முடியாது.

சார்நிலைக் கருவூலம் (ஓய்வு):
அது நியாயம். முன்பு தாலுகா ஆபீஸுக்கு எத்தனை தடவை அலைந்தார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் வைக்கணும், இந்தத் தம்பி அதை விட்டுவிட்டார். சரி, அந்தப் பெண்ணுக்கு நம்பர் மாறியதா?

பாம்பன் காற்று:
இல்லை அண்ணே. அமாவாசை வந்துவிட்டது, பாசி எடுக்கும் நாள்; கடலுக்குப் போய்விட்டார்.