சத்தம் குறையணும், பவர் குறையக் கூடாது: ஆக்டேவியா விஆர்எஸ்ஸுக்கு எந்த சைலன்சர்?

கோவை230 கேட்டது:

வணக்கம். ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். முதல் ஓனர் ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) போட்டதோடு, நடு ரெசனேட்டர் (சத்தம் குறைக்கக் குழாயின் நடுவில் இருக்கும் பெட்டி), பின் சைலன்சர் இரண்டையும் கழற்றிவிட்டு வெறும் குழாயை வெல்டிங் செய்து வைத்திருக்கிறார். ஒரிஜினல் சைலன்சர் பெட்டி எங்கே என்று கேட்டால், "பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க" என்கிறார்.

மிதித்து ஓட்டும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொந்தரவு அவினாசி தாண்டி ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போதுதான். 2,500 ஆர்பிஎம் பக்கம் காருக்குள் கும்மென்று ஒரு உறுமல். சங்ககிரி வருவதற்குள் பின் சீட்டில் இருக்கும் அம்மா தலைவலி மாத்திரை கேட்கிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அபார்ட்மெண்டில் வரிசையாக விளக்கு எரிகிறது. கடைகளில் ஆளுக்கொரு பிராண்டு சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

திருச்சி டர்போ:

பேசாமல் ஒரிஜினல் பெட்டியைத் தேடி மாட்டுங்கள் ப்ரோ. ஸ்டேஜ் 1-க்கு அதுவே தாராளம். இப்போது இருப்பது சட்டப்படியும் தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

கோவை230:

தேடிப் பார்த்துவிட்டேன் ப்ரோ. பழையது கிடைக்கவில்லை. புதிதின் விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

வெல்டிங் மாமா:

தம்பி, பிராண்டை அப்புறம் பார்ப்போம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அறை வைத்த சைலன்சரில் புகை தகட்டில் முட்டி, வளைந்து வெளியே வரும். சத்தம் அடங்கும், ஆனால் காற்றும் திணறும். நேர்க்குழாய் சைலன்சரில் ஓட்டை போட்ட குழாய் ஒன்று உள்ளே நேராகப் போகும், சுற்றிலும் பஞ்சு அடைத்திருக்கும். காற்று தடையில்லாமல் போய்விடும், சத்தம் மட்டும் ஓட்டை வழியாகப் பஞ்சுக்குள் போய் அடங்கும். உங்களுக்கு இதுதான் வேண்டும். நேர்க்குழாய் என்றாலே சத்தம் என்று பேர் வாங்கிக் கொடுத்தது, சொம்பு அளவுக்குப் பெட்டி வாங்கி மாட்டுகிற கூட்டம். பெட்டி நீளமாகவும் பஞ்சு தடிமனாகவும் இருந்தால் சத்தம் நன்றாகவே குறையும், காற்றோட்டத்துக்கும் பெரிய நஷ்டமில்லை. உங்களுடையது டர்போ கார் வேறு. டர்போவுக்குள் புகை சுற்றிவிடும் சக்கரமான டர்பைனே சத்தத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ஆகவே நடுவில் ஒரு நீள ரெசனேட்டர், பின்னால் இடம் கொள்ளும் அளவுக்குப் பெரிய பெட்டி. குழாய் இரண்டரை அங்குலம் போதும். மூன்று அங்குலம் போடலாம் என்று ஆசை காட்டுவார்கள். பெரிய டர்போ மாற்றும்போது யோசிக்கலாம், இப்போது போட்டால் சத்தம்தான் கூடும்.

கடையில் பெட்டியைக் கையில் வாங்கி ஒரு முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வட்ட ஓட்டைகள் வழவழவென்று இருக்க வேண்டும். தகட்டைக் கீறி உள்பக்கமாக மடக்கிவிட்ட ரகம் என்றால் வைத்துவிட்டு வாருங்கள், அது காற்றையும் பிடிக்கும், விசிலும் அடிக்கும். விரல் முட்டியால் வெளித்தகட்டைத் தட்டுங்கள். டங்கென்று ஒலித்தால் பஞ்சு குறைவு, தொப்பென்று கேட்டால் சரி. குழாயை ஒட்டி ஸ்டீல் கம்பளி சுற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் கண்ணாடி நார் மட்டும் என்றால் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துபோய், பழைய சத்தம் திரும்பிவிடும்.

கோவை230:

அண்ணா, இதிலேயே அந்த உறுமலும் போய்விடுமா?

வெல்டிங் மாமா:

குறையும், முழுசாகப் போகும் என்று சொல்ல மாட்டேன். பஞ்சு கீச்சுச் சத்தத்தை விழுங்கும் அளவுக்கு அடிக்குரலை விழுங்காது. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 2,500 ஆர்பிஎம்மில் நொடிக்குச் சுமார் 83 முறை. உங்கள் அம்மா தலைக்குள் கேட்பது அதுதான்.

இதற்கென்று ஒரு வழி இருக்கிறது. மெயின் குழாயிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளைக்குழாய் எடுத்து, மறுமுனையை மூடிவிட வேண்டும். அலை உள்ளே போய் மோதித் திரும்பும்போது, வருகிற அலைக்கு நேர் எதிராக வந்து அதை அமுக்கிவிடும். நீளம் அந்த அலையில் கால் பங்கு. புகையின் சூட்டுக்கு ஒலி நொடிக்கு 480 மீட்டர் போகும் என்று வைத்தால், உங்களுக்கு 1.4 மீட்டர் வரும். சூடு மாறினால் கணக்கும் மாறும் என்பதால் கொஞ்சம் நீளமாக வைத்து, ஓட்டிப் பார்த்து வெட்டிக் குறைப்போம். ஸ்பேர் டயர் குழியை ஒட்டி வளைத்தும் விடலாம். அதற்குள் புகை ஓடுவதில்லை, அதனால் பவருக்குச் சேதாரமில்லை.

திருச்சி டர்போ:

எல்லாம் சரி அண்ணா, காற்று தடைபடவில்லை என்று எப்படித் தெரியும்? ஓட்டிப் பார்த்தால் எல்லோருக்கும் "பவர் கூடிடுச்சு" என்றுதான் தோன்றும்.

வெல்டிங் மாமா:

சத்தம் கூடினால் பவர் கூடினதாகத் தோன்றுகிற வியாதிக்கு மருந்து கிடையாது. காற்று தடைபட்டால் குழாயில் அழுத்தம் ஏறும், அதை அளந்துவிடலாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஸ்டீல் குழாய் வைத்து பிரஷர் கேஜ் மாட்டுங்கள். டைனோவில் (காரை நிறுத்தி வைத்தே ஓட்டி பவரை அளக்கும் உருளை மெஷின்) முழு மிதி மிதித்துப் பாருங்கள். இப்போதைய வெறும் குழாயில் என்ன காட்டுகிறது, புதுப் பெட்டியில் என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். என் கணக்கு, அழுத்தம் மொத்தம் 2 பிஎஸ்ஐக்குள் நின்றால் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். சென்சார் இல்லாததால் எஞ்சின் விளக்கு எரியும், திரும்ப மாட்டிய பிறகு ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம்.

வெல்டிங்குக்கு விடும்போது தொங்கும் ரப்பர்களையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். குழாய் பாடியில் தட்டினாலும் உள்ளே கும்மென்றுதான் கேட்கும்.