வாடிக்கையாளரைச் சேர்த்ததும் ஆன்டாலஜி முரண்படுகிறது: உதவி தேவை

தெம்பனிஸ்வாசி: வணக்கம். சிங்கப்பூர் உணவங்காடி நிலையக் கடைகளில் முன்கூட்டியே உணவு சொல்லி வைப்பதற்கான தளம் ஒன்றின் முன்மாதிரியை, நாங்கள் நால்வர் இரண்டு வார ஸ்பிரிண்டுகளாக (குறுகிய வேலைச் சுற்றுகளாக)ச் செய்து வருகிறோம். முதல் ஸ்பிரிண்டில் ஒழுங்காக ஓடிய ஆன்டாலஜி (கடை போன்ற வகுப்புகளையும் அவற்றின் பண்புகளையும் வரையறுக்கும் மாதிரி), இப்போது வாடிக்கையாளர்களைச் சேர்த்ததும் முரண்படுவதாக ரீசனர் (அந்த வரையறைகளிலிருந்து முடிவுகளை வருவிக்கும் நிரல்) சொல்கிறது. வெள்ளிக்கிழமை செயல்விளக்கம். விரைந்து உதவுங்கள்.

பொங்கோல்நிரலர்: எந்த ரீசனர்? எந்த வகுப்புகளை டிஸ்ஜாயின்ட் (பொது உறுப்பே இல்லாதவை) என்று அறிவித்திருக்கிறீர்கள்? ஆன்டாலஜி தொகுப்பியான புரோட்டெஜே தரும் விளக்கத்தில் என்ன வருகிறது? இவை தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

தரவுப்பித்தன்: இறக்குமதிதான் காரணமாக இருக்கும். வெளி ஆன்டாலஜியை முழுவதுமாக இறக்கியவர்கள் எல்லோரும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தெம்பனிஸ்வாசி: இறக்குமதி எதுவும் இல்லை. ரீசனர் ஹெர்மிட். கடையும் வாடிக்கையாளரும் டிஸ்ஜாயின்ட். ‘அஞ்சல் குறியீடு’ என்ற பண்பின் டொமைன் ‘கடை’. வாடிக்கையாளரையும் இரண்டாவது டொமைனாகச் சேர்த்துப் பார்த்தேன்; இப்போது கடைகளும் முரண்படுகின்றன.

மூத்தபயனர்: தம்பி, ஆன்டாலஜி எழுதும் மொழியான ஓடபிள்யூஎல் 2 வந்தது 2009இல்; இன்னும் டொமைனைத் தரவுத்தளக் கட்டுப்பாடாக நினைப்பவர்களுக்கு இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். அஞ்சல் குறியீடு உள்ள எதுவும் கடையே என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே வாடிக்கையாளரும் கடையாகிறார், டிஸ்ஜாயின்ட் அதை மறுக்கிறது. இரண்டு டொமைன் கொடுத்தால் ‘அல்லது’ அன்று, ‘இரண்டும்’ என்றே பொருள். முழு மாதிரியையும் வடிவமைத்து முடித்த பிறகே நிரல் எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.

பொங்கோல்நிரலர்: காரணத்தைச் சரியாகச் சொன்னீர்கள் ஐயா, ஆனால் கடைசி வரியை ஏற்க முடியவில்லை. ஆய்வாளர்கள் கிரூனிங்கரும் பாக்ஸும் 1995இல் முன்வைத்த திறன் வினாக்களை (ஆன்டாலஜி விடை தர வேண்டிய கேள்விகளை) ஒவ்வொரு ஸ்பிரிண்டின் பயனர் கதையோடும் (பயனருக்கு என்ன வேண்டும் என்ற சிறு குறிப்போடும்) சேர்த்து எழுதி, ‘இந்த வாடிக்கையாளரின் வீட்டுக்கு அருகே எந்தக் கடைகள் திறந்திருக்கின்றன?’ என்ற ஒரு கேள்விக்கு விடை தரும் அளவுக்கு மட்டும் ஆன்டாலஜியை வளர்த்தால், முன்மாதிரியும் அதுவும் சேர்ந்தே வளரும்.

மூத்தபயனர்: அப்படி வளர்த்ததால்தான் முதல் ஸ்பிரிண்டின் அவசர முடிவு இரண்டாவதில் வெடித்தது.

பொங்கோல்நிரலர்: வெடித்தது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டதே, அதுதான் இந்த முறையின் பலன். தெம்பனிஸ்வாசி, டொமைன் இரண்டையும் நீக்கிவிடுங்கள். குறியீடு கட்டாயம், ஆறு இலக்கம் என்ற சரிபார்ப்புகளை 2017இல் பரிந்துரையான, தரவைச் சரிபார்க்கும் மொழியான ஷாக்கலில் எழுதுங்கள். ரீசனர் திறந்த உலகக் கொள்கைப்படி (சொல்லப்படாததைப் பொய் என்று கொள்ளாமல்) இயங்குவதால், குறியீடே இல்லாத கடையையும் அது குறை சொல்லாது. ஷாக்கல் கையில் இருக்கும் தரவை மட்டும் பார்த்துச் சொல்லும்.

தரவுப்பித்தன்: இறக்குமதியையும் ஒருமுறை பாருங்கள்.

தெம்பனிஸ்வாசி: டொமைனை நீக்கினேன், ஓடுகிறது. கடையநல்லூர் ஸ்திரீட்டில் உள்ள மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையக் கடை ஒன்றை ஷாக்கல் பிடித்துக்கொடுத்தது: விரிதாள் முதல் சுழியத்தை விழுங்கியதால் 069184 என்பது 69184 ஆகியிருந்தது. மிக்க நன்றி.